ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் ஆகணுமா? எந்த நாடுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

வார்டுல கொஞ்ச வருஷம் ஓடினவங்களுக்கு ஸ்பெஷலைஸ் பண்ணலாம்னு தோணினா உடனே தேடுறது காலேஜ், ஃபீஸ், சம்பளம். அதெல்லாம் அப்புறம்ங்க. போற நாட்டுல அந்த ரோலுக்கு ரூல் போடுறது யாரு, உங்க கையெழுத்து எதுக்கெல்லாம் செல்லும், இத மொதல்ல பாருங்க.

மயக்க மருந்தையே எடுத்துக்கோங்க. அமெரிக்காவுல நர்ஸ் அனஸ்தட்டிஸ்ட் ஆக குறைஞ்சது ஒரு வருஷம் கிரிட்டிக்கல் கேர் அனுபவம் வேணும், அது மேல டாக்டரேட் லெவல் படிப்பு, அப்புறம் நேஷனல் எக்ஸாம், அதுக்கப்புறம்தான் ஸ்டேட் லைசென்ஸ். ஸ்வீடன்ல 3 வருஷ நர்சிங் டிகிரி முடிச்சிட்டு 1 வருஷ ஸ்பெஷலிஸ்ட் படிப்பு படிச்சா போதும். யூகேல பாத்தீங்கன்னா அனஸ்தீசியா குடுக்குறது பெரும்பாலும் டாக்டர் வேலை, நர்ஸ் பக்கத்துல நின்னு ஏர்வே சாமான் (மூச்சுக்கு வழி பண்ற ட்யூப் மாதிரி) எடுத்து வச்சு உதவுவாங்க. அப்ப அமெரிக்கால தனியா கேஸ் பாத்தவங்க யூகே போனா அதே வேலை கிடைக்கும்னு எதிர்பாக்கவே முடியாது.

அதனால ஏஜென்ட் சொல்றத ஓரமா வச்சிட்டு ரெகுலேட்டர், அதாவது லைசென்ஸ் குடுத்து ரூல் போடுற அமைப்போட சைட்ட நேரா படிங்க. யூகேனா என்எம்சி (நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில்), ஆஸ்திரேலியானா நர்சிங் அண்ட் மிட்வைஃபரி போர்டு, அமெரிக்கானா எந்த ஸ்டேட் போறீங்களோ அந்த ஸ்டேட்டோட போர்டு. இந்த ஸ்டேட் விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க, சில ஸ்டேட்ல நர்ஸ் பிராக்டிஷனர் (மேல்படிப்பு முடிச்சு நோயக் கண்டுபிடிச்சு வைத்தியம் பாக்குற நர்ஸ்) சொந்தமா கிளினிக் வச்சு மருந்து எழுதலாம், டெக்சாஸ்ல ஒரு டாக்டரோட எழுத்துல அக்ரிமென்ட் இருந்தாதான் எழுத முடியும். படிப்பு ஒண்ணுதான், பார்டர் தாண்டினா அதிகாரம் மாறிடுது!

அடுத்தது டைட்டிலுக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கான்னு பாருங்க. நெதர்லாந்துல மாஸ்டர்ஸ் முடிச்சு ஸ்பெஷலிஸ்ட் ரிஜிஸ்டர்ல பேர் ஏறினாதான் அந்தப் பேரையே போட்டுக்க முடியும். யூகேல ரிஜிஸ்டர்டு நர்ஸ்ங்கறதுக்குதான் பாதுகாப்பு, கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்ங்கற பேருக்கு இல்ல, அதனால ஒரு ஹாஸ்பிட்டல் மாஸ்டர்ஸ் கேக்கும், இன்னொண்ணு அனுபவமே போதும்னு எடுத்துக்கும். அங்க போறதா இருந்தா பேர விட வி300ங்கற, மருந்து எழுத தகுதி குடுக்குற கோர்ஸ்தான் முக்கியம்னு நான் சொல்லுவேன். அத முடிச்சு என்எம்சி ரிஜிஸ்டர்ல பதிஞ்சிட்டா உங்களுக்கு தெரிஞ்ச ஏரியாவுக்குள்ள கிட்டத்தட்ட எல்லா மருந்தும் நீங்களே எழுதலாம். ஜப்பான்ல வேற மாதிரி, 2015ல இருந்து ட்ரெய்னிங் முடிச்ச நர்ஸ் 38 வகை செயல்கள, வென்டிலேட்டர் செட்டிங் மாத்துறது, பிஐசிசி லைன் (கை ரத்தக்குழாய் வழியா இதயத்துக்கு பக்கத்துல வரைக்கும் போற மெல்லிய ட்யூப்) போடுறது மாதிரி, டாக்டர் முன்கூட்டியே எழுதிக்குடுத்த ப்ரொசீஜர் படி செய்யலாம்.

அமெரிக்கா போறவங்க பலபேர் கவனிக்காம விடுறது, யாருக்கு வைத்தியம் பாக்கப்போறீங்கங்கறதையும் படிக்கும்போதே முடிவு பண்ணிடணும். பெரியவங்களுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் சர்டிஃபிகேட் வச்சுக்கிட்டு குழந்தைங்கள பாக்க முடியாது, மாறணும்னா திரும்ப படிக்கணும், திரும்ப எக்ஸாம். ஃபேமிலியா, சைக்கியாட்ரியா, நியோநேட்டலான்னு (பொறந்த குழந்தைங்க பிரிவு) அட்மிஷனுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோங்க.

வேலை விளம்பரம் வந்தா தலைப்ப விட்டுட்டு கீழ இருக்குற டியூட்டி லிஸ்ட்ட படிங்க. டயாபெட்டிஸ் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ்னு போட்டிருப்பான், உள்ள "இன்சுலின் டோஸ் மாத்துவது, ரிவ்யூ கிளினிக் தனியாக நடத்துவது" இருந்தா அது நெஜமாவே ஸ்பெஷலிஸ்ட் வேலை. வெறும் "பேஷண்டுக்கு விளக்குவது, டாக்டருக்கு உதவுவது"ன்னு மட்டும் இருந்தா பேருதான் பெருசு. இன்டர்வியூல தயங்காம கேளுங்க, ராத்திரி ஒரு பேஷண்டுக்கு சுகர் எகிறினா முடிவு எடுக்குறது யாருன்னு.

இப்பவே ஆரம்பிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கு, லாக் புக். என்ன ப்ரொசீஜர், எத்தன தடவ, யார் சூப்பர்வைஸ் பண்ணாங்க, தேதியோட எழுதி கையெழுத்து வாங்கி வைங்க, சூப்பர்வைசர் வேற ஊருக்கு மாறிட்டா அப்புறம் புடிக்கிறது பெரும்பாடு. ஆஸ்திரேலியால நர்ஸ் பிராக்டிஷனர் எண்டார்ஸ்மென்ட்டுக்கு (அந்த வேலை பாக்க ரிஜிஸ்ட்ரேஷன்ல குடுக்குற அங்கீகாரம்) போர்டு ஒத்துக்குற மாஸ்டர்ஸோட, கடைசி 6 வருஷத்துக்குள்ள 5,000 மணி நேரம் அட்வான்ஸ்டு லெவல் கிளினிக்கல் வேலை காட்டணும். சாதா வார்டு டியூட்டிய அதுல சேக்க முடியாது, நடுவுல பெரிய பிரேக் எடுத்தீங்கன்னா பழைய மணி நேரமும் கணக்குல இருந்து கழண்டுக்கும்.