அப்பா அம்மா தெளிவாக இருக்கும்போதே வாங்க வேண்டிய கையெழுத்துகள்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கிறேன். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்கள் வந்தால் பத்திரத்தைப் படித்து விளக்குவது என் வேலை. பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: “அக்கா, அம்மாவுக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியல. ஒரு பவர் எழுதிக் குடுங்க, பேங்க்ல காசு எடுக்கணும்.”

பவர் என்பது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அந்த நிலையில் அதை எழுத முடியாது. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அம்மாவுக்குப் புரிந்தாக வேண்டும். முன்பே எழுதி உயர் நீதிமன்றத்தில் பதிந்து வைத்த பவர்கூட, குடும்பங்களில் வழக்கமாக எழுதும் வகை என்றால், அவர் புத்தித் தெளிவை இழந்ததும் செல்லாது. சிங்கப்பூரில் அதற்குப் பிறகும் செல்லுகிற பத்திரம் உண்டு. மலேசியாவில் கிடையாது. பிறகு மிஞ்சுவது 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான்: டாக்டர் சான்றோடு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கச் சொல்ல வேண்டும். அப்படி நியமிக்கப்பட்டவரும் கோர்ட் அனுமதியில்லாமல் வீட்டை விற்க முடியாது. செலவு, அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு. அதனால்தான் மறதி லேசாகத் தலைகாட்டும்போதே வாருங்கள் என்று கெஞ்சுகிறேன்.

முதலில் உயில். கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். சொத்து பெறும் மகனோ அவர் மனைவியோ சாட்சி போட்டால், உயில் நிற்கும், மகனுக்கு எழுதியது போய்விடும். எங்கள் ஆபீசில் அந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியே உட்காரச் சொல்வோம். நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் படிப்பேன். பிறகு “பாட்டி, ஆயர் ஈத்தாம் வீடு யாருக்குன்னு எழுதியிருக்கு?” என்று கேட்பேன். அவரே தன் வாயால் சொன்ன பிறகுதான் பெருவிரல் ரேகை. தமிழில் படித்து விளக்கப்பட்டது என்ற வரியும் உயிலில் சேரும். வயது கூடியவர் என்றால், அந்த வாரமே டாக்டரிடம் காட்டி, தெளிவாக இருக்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நாளைக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனால் அந்தக் கடிதம் பேசும்.

உயில் இல்லாமல் அப்பா இறந்தால் வீடு முழுக்க அம்மாவுக்கு வரும் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி உயிரோடு இல்லையென்றால், அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஒரு பிள்ளை முறுக்கிக்கொண்டாலும் அம்மாவின் வயதான காலம் கோர்ட்டில் கழியும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது பொருந்தாது, அங்கே ஃபராயித் என்ற இஸ்லாமியப் பங்கீட்டு முறை.

இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை உயிலில் எழுதிப் பயனில்லை, இ.பி.எஃப்.பில் பதிந்த வாரிசு நியமனம்தான் செல்லும். இறந்துபோனவர் பெயரே இன்னும் வாரிசாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பணம் சேர்த்தவர் முஸ்லிம் அல்லாதவர் என்றால், பணம் வாரிசுக்கே சொந்தம். முஸ்லிம் என்றால், வாரிசு பணத்தை வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பவர் மட்டுமே.

பராமரிப்பு இல்லம் தேடுகிறவர்கள் சுவரில் ஜே.கே.எம். (சமூகநலத் துறை) பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள், சோற்றை ஊட்டும் ஆளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று கவனியுங்கள். பேம்பர்ஸ் தனிக் கட்டணமா, ராத்திரி மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது, அங்கே படுத்திருக்கும் நாட்களுக்கும் மாதக் கட்டணம் உண்டா, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. டாக்டர் சான்றும் ரசீதுகளும் வேண்டும், ரசீதில் செலவு செய்த பிள்ளையின் பெயரையே போடச் சொல்லுங்கள்.