பசியாற்றும் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசாங்கத்தில் கோப்பு நகர்வதற்குள் இங்கே உலை கொதித்துவிடும். வழிபாட்டுத் தலங்களைச் சுற்றி நடக்கும் உதவிப் பணிகளுக்கு அந்த வேகம் உண்டு. அதனால் உயிர் பிழைத்தவர்கள் உலகெங்கும் ஏராளம். ஆனால் ஒருவேளைப் பசியை ஆற்றுவதோடு நில்லாமல் ஒரு குடும்பத்தின் வறுமையையே மாற்ற நினைத்தால், நமக்குப் பழகிப்போன சிலவற்றை விட்டாக வேண்டும். முதலில் விட வேண்டியது, வாங்குபவரை என்றென்றும் வாங்குபவராகவே வைத்திருப்பது.

ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்றொரு மேயர் இருந்தார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். 1846-47 குளிர்காலத்தில் வையர்புஷ் வட்டாரத்தைப் பஞ்சம் வாட்டியபோது, வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கினார். ஊருக்குப் பொதுவாக ரொட்டி சுடும் கூடம் அமைத்தார். கையில் காசு இல்லாதவர்களுக்கு ரொட்டியைக் கடனாகக் கொடுத்தார். அடுத்து 1854-இல் ஹெட்டஸ்டோர்ஃபில் ஒரு தர்ம சங்கம். ஆதரவற்ற குழந்தைகள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் என்று பலரையும் அது தாங்கியது. நாளாக ஆக, கொடுப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டியது. நன்கொடையை மட்டும் நம்பி ஓட முடியாது என்று கண்ட ரைஃபைசன், 1864-இல் அதைக் கடன் சங்கமாக மாற்றினார். கடன் வாங்குபவரே அங்கே உறுப்பினர். ஒருவர் கட்டத் தவறினால் அத்தனை பேரும் பொறுப்பு. நேற்று வரை கையேந்தியவர் கூட்டத்தில் உட்கார்ந்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தார். என் பார்வையில் வறுமை உடையத் தொடங்கியது அந்த இடத்தில்தான். நம்மூர்க் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த வழி வந்தவையே. சென்னை மாகாண அரசுக்காக இதையெல்லாம் ஆராய்ந்த ஃபிரடெரிக் நிக்கல்சன் ரைஃபைசன் முறையைத்தான் பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

அடுத்த தவறு, வீட்டு நிலைமையைக் கேட்காமலே கொடுப்பது. மாதாமாதம் மளிகைப் பை போகும் வீட்டில் தினவட்டிக்காரர் சாயங்காலம் வந்து நிற்பார். பையால் மிச்சமாகும் காசு அப்படியே வட்டிக்குப் போய்விடும். அசல் குறையாது. அடுத்த மாதமும் அதே பை, அதே வட்டி. அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் வேண்டியது கடனை அடைத்துத் தருகிற ஒரு வழி. அதன் பிறகு அவசரத்துக்கு நியாயமான வட்டியில் பணம் கிடைக்கிற ஓர் இடம். சில வீடுகளில் நோய்தான் மூலகாரணம். சில வீடுகளில் வேலைக்குப் போகப் பேருந்துக் காசு இல்லாததே காரணம். உட்கார்ந்து பேசினால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். பாவத்தின் சம்பளம், முன்வினைப் பயன், நம்பிக்கைக் குறைவு என்று ஏழ்மைக்குக் காரணம் கற்பிப்பவர்கள் அந்த அரைமணி நேரத்தைச் செலவழிப்பதே இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

படம் பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையை நீட்டும்போதே செல்போனும் நீள்கிறது. வாங்க வந்த பெண் முந்தானையை முகத்தருகே இழுத்துக்கொள்கிறார். "கொஞ்சம் இப்படித் திரும்புங்கம்மா" என்கிறது ஒரு குரல். மறுநாள் அவர் பிள்ளையோடு படிக்கிற பையன் அந்தப் படத்தைப் பார்ப்பான். 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்கும், வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாத தானம் உச்சிக்கு ஒரு படி கீழே. உச்சிப் படியில் அவர் வைத்தது கடன், கூட்டுத் தொழில், வேலை: இனிக் கேட்க வேண்டிய நிலையே வராதபடி ஒருவரைத் தூக்கி நிறுத்துவது.

சாப்பாட்டுக்கு முன் பிரசங்கம் கேட்டாக வேண்டும், இன்னாருக்கு மட்டும்தான் என்பன போன்ற நிபந்தனைகள் வேண்டவே வேண்டாம். 1867-இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலை சாதி, மதம் பார்க்காமல் சோறு போட்டது. சீக்கியக் கோயில்களான குருத்வாராக்களின் பொதுச் சமையல்கூடமான லங்கரில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒரே உணவை உண்கிறார்கள். சாப்பிட்டு எழுந்தவர் விரும்பினால் பாத்திரம் கழுவலாம், மாவு பிசையலாம். ஏழைக்கும் அங்கே கொடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

இலங்கையில் ஏ.டி. ஆரியரத்ன 1958-இல் பௌத்த நெறியில் தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கமும் இதைப் புரிந்து வைத்திருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மண்வெட்டி பிடித்தார்கள். பாதை, கிணறு, வாய்க்கால் எதுவானாலும் ஊராரின் உழைப்பும் அதில் உண்டு. பிற்பாடு ஊர்ச் சங்கங்களும், சேமிப்பும் கடனும் வளர்ந்தன.

விசேஷ நாளில் மட்டும் குவிப்பது எல்லோருக்கும் தெரிந்த தவறு. பக்கத்துக் குழுக்களோடு பேசி நாட்களைப் பிரித்துக்கொண்டால் தீர்ந்தது.

கடைசியாகக் கணக்கு. "சாமி காரியத்தில் கணக்குக் கேட்கலாமா?" என்ற ஒரே கேள்வியில் நல்ல சங்கங்கள் பல நொடித்துப் போகின்றன. சாமி காரியம் என்பதால்தான் கேட்க வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். வரவு செலவை மாதம் ஒருமுறை, உதவி பெறுகிறவர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். அந்த நோட்டை எழுதும் பொறுப்பையும் அவர்களில் ஒருவரிடமே கொடுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள்.