கதிரைக்கு ஒரு கால்பலகை

எங்கள் அம்மம்மா கட்டையான ஆள். வீட்டிலுள்ள பழைய தேக்கங்கதிரையில் இருந்தால் அவருக்குக் கால் நிலத்தில் முட்டாது. கதிரையின் முன்விளிம்பு தொடையை அழுத்த, கொஞ்ச நேரத்தில் கால் விறைத்துவிடும். அதற்காகத்தான் கால்பலகை செய்யப் பழகினேன்.

முதலில் உயரம். ஆளை முதுகு சாய்த்து இருத்துங்கள். பழைய உதயன் பேப்பர்களைப் பாதத்தின் கீழ் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். பாதம் முழுதாகப் பதிந்து, தொடை மட்டமாக வந்ததும் அடுக்கை அளவுங்கள். எங்களுக்கு ஐந்தரை அங்குலம் வந்தது. மேல்பலகையின் தடிப்பு ஒரு அங்குலம், அதைக் கழித்தால் பக்கக்கால்கள் நாலரை.

மரக்காலையில் வேப்பம்பலகை கேளுங்கள். பனஞ்சிலாகை மிச்சம் கிடக்கிறதென்று எடுத்துவிடாதீர்கள். வெறுங்கால் வைக்கும் இடம், சிலாம்பு ஏறும்.

மேல்பலகை 18க்கு 12 அங்குலம். பக்கக்கால்கள் இரண்டும் அதே 12 அங்குல அகலம். இவற்றை எங்கே பூட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை, வடிவாக இருக்குமென்று நாலு அங்குலம் உள்ளே தள்ளிப் பூட்டினேன். அம்மம்மா நுனியில் கால் ஊன்றி எழும்ப, மற்றப் பக்கம் கிளம்பிவிட்டது. நல்லகாலம், கதிரையிலேயே திரும்ப விழுந்தார். ஆகவே கால்களைப் பலகையின் ஓரத்தோடு ஓரமாக வையுங்கள். திருகாணிக்கு முன்பே சின்னத் துளை போடுங்கள், இல்லையென்றால் நுனி வெடிக்கும். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு குறுக்குச்சட்டம். சரி, கூடு முடிந்தது.

மேற்பக்கத்துக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். பஸ் மிதிபலகையில் தகடு ஏன் புடைப்புப் புடைப்பாக இருக்கிறது? மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு ஏறினாலும் கால் பிடிக்கத்தான். அதே வேலையை இங்கே வாளால் செய்யலாம்: விரலகல இடைவெளியில் மெல்லிய கோடுகள் கீறி, சாண்ட் பேப்பரால் முனையைத் தேயுங்கள்.

சீமெந்து நிலத்தில் பலகை ஓடாமலிருக்க, பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிக் கால்களின் அடியில் சின்ன ஆணியால் அடியுங்கள். ஆணித்தலை றப்பருக்குள் அமுங்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் கீறும், பிறகு வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

கொடுக்குமுன் நாலு மூலையிலும் நீங்களே ஏறி நின்று பாருங்கள். ஆடினால் நெட்டையான காலைத் தேயுங்கள், கட்டையான பக்கத்துக்கு மட்டை மடித்து வைக்காதீர்கள்.