பித்தப்பைக் கல்லுக்கு சர்ஜனைப் பார்க்கப் போகும் முன் செய்ய வேண்டியவை

வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்துவிட்டது. குடும்ப மருத்துவர் ஒரு சர்ஜனைப் பார்க்கச் சொல்கிறார். தனியார் மருத்துவமனையில் டோக்கன் வாங்கி, காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். பழைய சீட்டுகளைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் "எப்போ அட்மிட் ஆகணும், எவ்வளவு ஆகும்" என்று பேச்சு போய்விடும். தேதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் தொல்லைக்கு அந்தக் கல்தான் காரணமா, எடுத்தே ஆக வேண்டுமா என்பது அதற்கு முன் தெளிவாக வேண்டும்.

பித்தப்பையில் கல் உள்ள பலருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இருக்காது. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் கல் இருப்பதே தெரியவரும். அவர்களில் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. மிகப் பெரிய கல், கல்லோடு சேர்ந்த பாலிப் (சிறு சதை வளர்ச்சி), பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்புப் படிவு, சிலவகை ரத்த நோய்கள் போன்றவை இதற்கு விதிவிலக்கு. வலி வந்து போகிறவர்கள், கல்லால் ஒருமுறை கணைய அழற்சி வந்தவர்கள் நாள் கடத்தக் கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை சர்ஜன் உங்கள் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் முதலில் கணிக்கிறார். ஸ்கேன் அடுத்ததுதான்.

வலியை எழுதி எடுத்துப் போங்கள்

"கேஸ் தொல்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் தெரியாது. பித்தப்பை வலிக்கு ஒரு சாயல் உண்டு. நெஞ்சுக்குழிக்குக் கீழே அல்லது வலது விலாவுக்கு அடியில் பிடிக்கும், வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும். விட்டுவிட்டுக் குத்தாமல், ஏறிய வலி அரை மணி முதல் சில மணி நேரம் அப்படியே நிற்கும். எண்ணெய்ப் பண்டம், பிரியாணி போன்ற கனத்த சாப்பாட்டுக்குப் பிறகும், நடு இரவிலும் வருவது வழக்கம். வயிறு உப்புசம், ஏப்பம், புளித்த எதுக்களிப்பு ஆகியவை மட்டும் இருந்தால் அதற்குக் காரணம் இரைப்பையாகவும் இருக்கலாம். பித்தப்பையை எடுத்த பிறகும் அவை தொடரலாம். அறுவை சிகிச்சை முடிந்தும் "இன்னும் சரியாகவில்லையே" என்று வருந்துகிறவர்களில் பலர் இந்த வேறுபாட்டை முன்பே கேட்காதவர்கள்.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: வலி வந்த தேதிகள், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, வாந்தி இருந்ததா, ஊசி போட்டுத்தான் நின்றதா. கண் மஞ்சளானது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனது, மலம் வெளுத்தது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது ஆகியவை ஒருமுறை இருந்திருந்தாலும் அதை முதல் வரியில் எழுதுங்கள். கல் பித்தக் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம் என்பதற்கான தடயங்கள் அவை. அவற்றைப் பொறுத்து சிகிச்சையின் வரிசையே மாறும்.

இப்போது வலி ஐந்தாறு மணி நேரமாக விடாமல் இருந்தால், காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்திருந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வைத்திருப்பது போதாது. செல்போனில் பெரிதாக்கி, தள்ளி, திரும்பத் தேடுவதற்குள் நேரம் போய்விடும். தாளாக எடுத்து, புதியது மேலே இருக்கும்படி தேதி வாரியாக ஃபைலில் அடுக்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நான்கு விவரங்கள் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்: கல்லின் எண்ணிக்கையும் அளவும், பித்தப்பைச் சுவரின் தடிமன் (3 மி.மீ.க்கு மேல் என்றால் பொதுவாக வீக்கம் என்று பார்ப்பார்கள்), பொதுப் பித்தக் குழாயின் விட்டம் (சாதாரணமாக 6 மி.மீ. வரை, வயதானவர்களுக்குச் சற்று கூடலாம்), கணையம் தெரிந்ததா இல்லையா. குழாயின் அளவு எழுதப்படாத ரிப்போர்ட்டோடு போனால் திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொல்ல வாய்ப்பு அதிகம். சாப்பிட்டுவிட்டு எடுத்த ஸ்கேனுக்கும் அதே கதிதான், சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு எடுத்ததா என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அண்மையில் எடுத்த கல்லீரல் ரத்தப் பரிசோதனை இருந்தால் கட்டாயம் சேருங்கள். பிலிருபினும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் கூடியிருந்தால் குழாயில் அடைப்பு உண்டா என்று எம்ஆர்சிபி (பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ) ஸ்கேன் கேட்பார்கள். அங்கே கல் தெரிந்தால் பெரும்பாலும் முதலில் வாய்வழியாகக் குழாய் விட்டு அதை எடுக்கும் இஆர்சிபி, பிறகு பித்தப்பை என்று இரண்டு கட்டமாகப் போகும். செலவும் நாளும் அதற்கேற்பக் கூடும்.

மருந்துகள்

எந்த இடத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாத பகுதி இது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளை மாத்திரை, பிரஷருக்கு" என்பதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. அட்டையில் மருந்தின் பெயர் வெட்டுப்பட்டிருந்தால் பழைய மருந்துச் சீட்டைச் சேருங்கள். கீழே உள்ள நாள் கணக்கெல்லாம் நீங்கள் கேள்வி கேட்பதற்காகத் தந்தவை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க எடுப்பவை முதலில். கிளோபிடோக்ரெலை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பும், வார்ஃபரினை 5 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரவே சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பே வரலாம். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று இதய மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு சர்ஜனைப் பார்க்கப் போனால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற '-கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை எடுக்கிறீர்களா என்று பாருங்கள். இவற்றை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு இது சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே உடலில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. பல மாத்திரைகளில் இது மெட்ஃபார்மினோடு கலந்தே வருவதால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடை குறைப்புக்கோ சர்க்கரைக்கோ வாராந்திர ஊசி போடுகிறவர்களும் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதை மெதுவாக்குவதால், வழக்கமான நேரம் பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அதிகமாக இருந்தால் சில வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். புண் ஆறுவதற்கும் தொற்று வராமல் இருப்பதற்கும் அது நல்லது என்பதால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

சித்த மருந்து, லேகியம், கசாயம், கல் கரைய என்று வாங்கிய பொடி ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்ற பயத்தில் பலர் சொல்வதில்லை. சில மூலிகைகள் ரத்தக் கசிவைக் கூட்டும், சில கல்லீரலைப் பாதிக்கும். பெயர் தெரியாவிட்டால் டப்பாவையே கொண்டுபோங்கள். கடந்த ஓராண்டில் மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உள்ளே போனதும்

நோயாளியும் இன்னொருவரும் போதும். நம் வீடுகளில் மகனோ மருமகளோ பேச, நோயாளி ஓரமாக உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. வலியைப் பற்றி நோயாளியே பேசட்டும், கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும். அம்மா தயங்கினால் "நீங்களே சொல்லுங்கம்மா" என்று ஒருமுறை சொன்னால் போதும். குடிப்பழக்கம், கர்ப்பம் போன்றவற்றைத் தனியாகச் சொல்ல விரும்பினால், கூட வந்தவரைச் சற்று வெளியே அனுப்பக் கேட்கலாம்.

கேள்விகளை முக்கியமானதிலிருந்து அடுக்குங்கள். முதலாவது: "என் தொல்லைகளில் எதெல்லாம் இந்தக் கல்லால், எதெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகும் இருக்கும்?" இரண்டாவது: "இப்போது எடுக்காமல் விட்டால் என்ன ஆகலாம், எவ்வளவு நாள் பொறுக்கலாம்?" அடுத்து, ஆபரேஷன் செய்யப் போவது நீங்கள்தானா, லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) தொடங்கி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் எந்தச் சூழலில் திறப்பீர்கள் என்பவை. திறப்பது தோல்வி என்று நினைக்க வேண்டாம், உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே பாதுகாப்பான முடிவு. பித்தக் குழாய் காயம் பற்றியும் கேளுங்கள். சுமார் 1,000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நேரும் அபூர்வச் சிக்கல் அது, நேர்ந்தால் பெரியது. அதைப் பற்றிக் கேட்டதும் நிதானமாக விளக்கும் சர்ஜனை நம்பலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு கருத்தும் வாங்குவது நல்லது. அது அவமரியாதை ஆகாது.

ஒப்புதல் படிவத்தை அட்மிட் ஆகும் இரவு கையில் தந்து கையெழுத்துக் கேட்பார்கள். அதன் நகலை, தமிழில் இருந்தால் தமிழிலேயே, முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். யாருடைய ஒப்புதல் செல்லும் என்பதை 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக லேப்ராஸ்கோபிக்கு ஒப்புக்கொண்ட பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவசர நிலை இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவருக்காகத் தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்றது தீர்ப்பு. ஆகவே "நான் மயக்கத்தில் இருக்கும்போது வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மயக்க மருத்துவரையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். பலர் இதை வெறும் சடங்காக நினைக்கிறார்கள். முந்தைய ஆபரேஷனில் மயக்கம் தெளியத் தாமதமானதா, ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் ஆபத்து வந்ததா, குறட்டை விட்டு மூச்சு நிற்கிறதா, ஆடும் பல் அல்லது பல்செட் உண்டா, இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்பதெல்லாம் அவர் கேட்பவை. புகைப்பிடிப்பவர் இன்றே நிறுத்துவது நல்லது, நான்கு வாரம் கிடைத்தால் நுரையீரல் சிக்கல் நன்றாகக் குறையும். பிரஷர் மாத்திரையில் எதை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரோடு போடுவது, எதை விடுவது என்றும் அவரிடமே கேளுங்கள். டெல்மிசார்டன் வகையை அன்று விடச் சொல்வதும், அம்லோடிபினைத் தொடரச் சொல்வதும் வழக்கம்.

பணக் கணக்கு

பேக்கேஜ் தொகையைக் கேட்கும்போது அதில் சேராதவை எவை என்று கேளுங்கள். எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு, எம்ஆர்சிபி, கூடுதல் ஒரு நாள் தங்கல், மயக்க மருத்துவர் கட்டணம் ஆகியவை அடிக்கடி வெளியே நிற்கும். திசுப் பரிசோதனையை மிச்சம் பிடிக்காதீர்கள், மறைந்திருக்கும் புற்றுநோய் அதில்தான் தெரியவரும்.

இன்சூரன்ஸ் இருந்தால் இரண்டைப் பாருங்கள். பெரும்பாலான தனிநபர் பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு 2 ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு. அடுத்தது அறை வாடகை வரம்பு. 3 லட்சம் பாலிசியில் நாளுக்கு 1 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகை வித்தியாசம் மட்டும் உங்கள் கையில் விழும் என்று எண்ண வேண்டாம். சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்து, பரிசோதனைச் செலவில் மட்டும் இப்படி வெட்டக் கூடாது. வரம்புக்குள் உள்ள அறை கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜின்போது 3 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டுள்ளது.

ஒரு சிறு விஷயம் பெரிய தலைவலியாகும்: முதல் சீட்டில் டாக்டர் எழுதும் கால அளவு. ஆறு மாத வலியை நீங்கள் "ரொம்ப வருஷமா" என்று பேச்சுவாக்கில் சொன்னால் அவர் அப்படியே எழுதுவார். பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று கிளைம் நிராகரிக்கப்படலாம். உண்மையான காலத்தைச் சரியாகச் சொல்லுங்கள். கன்சல்டேஷன், ஸ்கேன் பில்களையும் பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலான பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவைத் திரும்பப் பெறலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அந்த மருத்துவமனையும் இந்த ஆபரேஷனும் திட்டத்தில் உண்டா என்று அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் கேட்க வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் பயனிருக்காது.

கிளம்பும் முன் எழுதிக்கொண்டு வாருங்கள்: நிறுத்த வேண்டிய மருந்தும் தேதியும், செய்ய வேண்டிய பரிசோதனைகள், வலி வந்தால் கூப்பிட வேண்டிய எண், பட்டினி நேரம். பட்டினியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சாப்பாடு 6 மணி நேரம் முன்பு வரை, எண்ணெய்ப் பண்டம் 8 மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை என்பது பொதுவான கணக்கு. மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பால் கலந்த காபி, டீ, ஹார்லிக்ஸ் எல்லாம் சாப்பாட்டுக் கணக்கு. காலை ஆறு மணிக்கு "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டு ஒன்பது மணி ஆபரேஷனுக்குப் போனால் அன்றைய தியேட்டர் நேரம் பறிபோய்விடும். குடித்ததைச் சொல்லாமல் படுத்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. தவறிக் குடித்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்.