திண்ணை வெளிச்சத்தில் ஒரு முகம்

கேமரா வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "என்ன செட்டிங் வைக்கணும்?" என்றுதான். எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன் ஃபிலிம் காலத்திலிருந்து கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர், ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்துப் பழகியவர். முதல் நாள் அவர் என்னைக் கேமராவைத் தொடவே விடவில்லை. ஒருவரை வாசலில் நிறுத்தி, மெதுவாகத் திரும்பச் சொல்லி, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கருவிழியில் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதல் வேலை, இடம் பார்ப்பது. உச்சி வெயிலில் முகத்தை எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப் போகும். அதே நேரத்தில் பாட்டியைத் திண்ணையின் ஓரத்தில், தெருவைப் பார்த்து உட்கார வையுங்கள். தலைக்கு மேலே கூரை வெயிலை மறைத்துவிடும், தெருவிலும் எதிர்ச்சுவரிலும் படும் வெளிச்சம் திரும்பி வந்து முகத்தில் மெத்தென்று விழும். திண்ணை இல்லையென்றால் வாசல்படி போதும். மரத்தடி என்றால் மட்டும் கவனம், இலை இடுக்கில் வரும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழுந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது.

சரி, இப்போது கேமரா. மோடை ஏ அல்லது ஏவியில் வையுங்கள், அதில் லென்ஸ் திறப்பை (எஃப் எண்; எண் சின்னதானால் திறப்பு பெரிது) நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் விலை குறைவு, ஆரம்பத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. எஃப் 1.8 இருக்கிறதே என்று அதிலேயே எடுக்க வேண்டாம், கிட்டத்தில் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வந்துவிடும். எஃப் 2.8 வையுங்கள். ஷட்டர் (திறந்து மூடும் நேரம்) 1/200 நொடியைவிட மெதுவாகிவிடாமல் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறன்) 200, 400 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் எடுத்து, உங்களுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் வையுங்கள்.

அடுத்து சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் அதை வெளுக்க வைத்துவிடும், அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பு) −0.7 வரை இறக்குங்கள். பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ நிறைய இருந்தால் முகம் இருட்டாகிவிடும், அங்கே +0.7 அல்லது +1 வேண்டும். திரையில் பார்க்கும்போது முகத்தை மட்டும் பாருங்கள். பாட்டியின் கன்னத்துச் சுருக்கமும், அந்தக் கறுப்பில் மின்னும் மூக்குத்தியும் இருந்தபடியே வரவேண்டும். எடிட் செய்யும்போதும் தோலை வெளுக்க வைக்காதீர்கள், அது அவர் முகமே இல்லை.

அப்புறம் வெளியே வாருங்கள். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஆளுக்குப் பின்னால் சூரியன் இருக்கட்டும், முடி ஓரமெல்லாம் பொன்னாக ஒளிரும். முகம் இருண்டால் எதிரே ஒருவரை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், தெர்மகோல் அட்டையும் சரிதான். மாமல்லபுரம் போன்ற கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், அதனால் காலையில் ஆளைக் கடலைப் பார்த்து நிறுத்தினால் முகம் முழுக்க வெளிச்சம். அலையும் முகமும் சேர்ந்து வேண்டுமென்றால் மாலையில் போங்கள், அப்போது வெயில் கரைப் பக்கமிருந்து வரும்.

கடைசியாக ஒன்று. "சிரிங்க" என்று சொல்லாதீர்கள். பாட்டியிடம் அவர் கல்யாணத்துக்கு எத்தனை நாள் விருந்து நடந்தது என்று கேளுங்கள், அவர் சொல்லி முடித்து, நினைப்பில் ஒரு கணம் நிற்பார் பாருங்கள், அப்போது அழுத்துங்கள். அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள்.