குள்ள சிக்லிட் இனப்பெருக்கத் தொட்டி: மீன் வருவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

முட்டை போட்டது, மறுநாள் காணோம் என்று புலம்புபவர்கள் முதலில் மீனைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு தொட்டி வைத்த விதத்தில் இருக்கும். நம் கண்ணுக்கு அழகாக வைத்தோமே தவிர, முட்டையிடப் போகிற பெண் மீனுக்கு வசதியாக வைத்தோமா?

தரையிலிருந்து தொடங்குவோம். அபிஸ்டோகிராமா (சுருக்கமாக அபிஸ்டோ), ராம் போன்ற குள்ள சிக்லிட்கள், அதாவது சிக்லிட் குடும்பத்தின் சிறிய வகைகள், எல்லாம் மணலை வாயில் அள்ளி, செவுள் வழியே உதிர்த்துத் தீனி தேடும் மீன்கள். முன்பக்கம் முழுக்கப் புல்தரை மாதிரி செடியைப் பரப்பினால் அதற்கு இடமே இருக்காது. கூரான சரளையும் வேண்டாம். பாதித் தரையாவது மென்மணலாகத் திறந்து கிடக்கட்டும். உயரமான தொட்டியில் லிட்டர் கூடுமே தவிர, அடியில் வாழும் இவற்றுக்கு இடம் கூடாது. ஒரு ஜோடிக்கு 60 செ.மீ. நீளமாவது வேண்டும்.

அடுத்து குகை. அபிஸ்டோவும் கிரிபென்சிஸ் என்ற இன்னொரு குள்ள சிக்லிட்டும் குகைக்குள் முட்டையிடும். ராமுக்குக் குகை தேவையில்லை, தட்டைக் கல் போதும். அபிஸ்டோவுக்கு வைக்கும் குகையின் வாசல் பெண் மீன் நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். பெரிய வாசல் வைத்தால் அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இரண்டு பெண்கள் இருந்தால் குகைகள் ஒன்றுக்கொன்று கண்ணில் படாதபடி நடுவில் கட்டையோ செடிப்புதரோ இருக்க வேண்டும்.

செடி தளதளவென்று வளர்ந்துவிட்டது, மீனை விடலாம் என்று அவசரப்படுவார்கள். அக்வா சாயில் எனப்படும், செடிக்கான சத்துள்ள தொட்டி மண், முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கக்கும். மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுங்கள். 4 முதல் 6 வாரம் பிடிக்கலாம்.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் பிஎச் குறைக்கும் திரவத்தை ஊற்றுவது வீண் வேலை. காலையில் இறங்கும், மறுநாள் ஏறி நிற்கும். அந்த ஊசலாட்டம்தான் மீனை அதிகம் வாட்டும். உப்புகள் நீக்கி வடிகட்டிய ஆர்ஓ நீரைக் கலந்து மென்மையாக்குவதே ஒழுங்கான வழி. அப்புறம் அதே தொட்டியில் சுண்ணாம்புக் கல்லை அடுக்கிவிடாதீர்கள். ராமுக்கு 28 டிகிரியாவது வேண்டும் என்பதால், அந்தச் சூட்டைத் தாங்கும் அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி செடிகள் நல்லது. அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கட்டையில் கட்டுங்கள். அபிஸ்டோவுக்கோ சூட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், குஞ்சுகளில் ஆண்களே அதிகமாகிவிடும்.

நான் செய்த பெரிய தவறு, அடித்தரையைச் சுத்தம் செய்யட்டும் என்று கோரிடோராஸ் (கோரி) என்ற அடித்தளக் கெளுத்தி மீனை அபிஸ்டோ தொட்டியில் சேர்த்தது. பகலெல்லாம் தாய் மஞ்சள் நிறம் பளிச்சிட விரட்டி அடித்தது. இருட்டில் அதற்குக் கண் தெரியாது, கோரிக்கு மூக்கே போதும். காலையில், முட்டை ஒட்டியிருந்த குகைக் கூரை துடைத்து வைத்தது போல இருந்தது. துணை மீன் வேண்டுமென்றால் மேல்மட்டத்தில் நீந்தும் பென்சில் மீன் போதும்.

பில்டர் ஸ்பாஞ்ச் வகையாக இருக்கட்டும், மற்றவை குஞ்சுகளை உறிஞ்சிவிடும். முட்டை பொரிந்து குஞ்சு நீந்த ஐந்தாறு நாள் ஆகும். குஞ்சுக்குத் தீனியாகும் ஆர்டீமியா என்ற நுண்ணிய இறாலின் முட்டையை அதற்கு முந்தின நாளே ஊறப் போடுங்கள், பொரிய ஏறக்குறைய 24 மணி நேரம் பிடிக்கும். தண்ணீர் மாற்ற மெல்லிய ஏர் குழாய் போதும், வாளியைக் கவிழ்ப்பதற்கு முன் ஒருமுறை உள்ளே உற்றுப் பாருங்கள். எனக்கு அப்படி ஏழு குஞ்சுகள் திரும்பக் கிடைத்திருக்கின்றன.