முதல் ரோபோட்டிக்ஸ் போட்டி: அணியை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய அணிகள் முதன்முறையாகக் களமிறங்கும் போட்டிகளில் அணிகள் தங்கள் ரோபோக்களைச் சரிபார்க்கும் பிட் வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளை இன்றைய மாணவர்களும் அவர்களை அழைத்து வந்த ஆசிரியர்களும் அப்படியே செய்துகொண்டிருப்பதைப் பார்க்க முடிகிறது. சார்ஜரை மறந்துவிட்டு வருவது, பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் களத்தருகே போவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவற்றை யாரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். உழைப்பு என்று நம்பிச் செய்யப்படும் தவறுகளே ஒரு பருவத்தின் வேலையை ஒரே நாளில் வீணாக்குகின்றன.

எனக்கு நன்கு பழக்கமான, பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் வகைப் போட்டியை வைத்தே எழுதுகிறேன். அதில் ஓர் ஆட்டம் என்பது ரோபோ தானாக இயங்கும் 30 வினாடிகளும், ஓட்டுநர்கள் இயக்கும் 2 நிமிடங்களும் ஆகும். தகுதிச் சுற்றில் ஓர் அணிக்குப் பெரும்பாலும் 5 அல்லது 6 ஆட்டங்கள் கிடைக்கும். மாதக்கணக்கில் உருவாக்கிய ரோபோ, அந்த நாள் முழுவதும் தகுதிச் சுற்றில் ஓடப்போவது மொத்தமாகப் பன்னிரண்டரை முதல் 15 நிமிடங்கள்தாம். அதில் ஓர் ஆட்டத்தை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்தக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கடைசி வாரத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது

போட்டிக்குச் சில நாள்களே இருக்கும்போது வேறோர் அணியின் காணொளியைப் பார்த்துவிட்டு, அதில் இருப்பதைப்போன்ற கையைத் தாங்களும் பொருத்த வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் அணியை நடத்துபவர் அங்கே மறுத்தே ஆக வேண்டும். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே கட்டுமானத்தை நிறுத்திவிட்டு, மீதி நேரம் முழுவதையும் ஓட்டுநர்களின் கைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. எளிய ரோபோவை நன்கு பழகிய ஓட்டுநர், ஒருநாளும் ஓட்டிப் பார்க்காத சிக்கலான ரோபோவைக் கொண்டுவந்தவரை எளிதாக முந்திவிடுவார்.

பழகுவது என்றால் கடிகாரத்தை வைத்து முழு ஆட்டமாகப் பழக வேண்டும். கேம்பேடை இணைப்பது, ஸ்டார்ட் பொத்தானையும் ஏ பொத்தானையும் சேர்த்து அழுத்தி முதல் ஓட்டுநரைப் பதிவுசெய்வது, இரண்டு அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டணிகளில் நாம் சிவப்பா நீலமா என்று பார்த்து அதற்குரிய தானியங்கிப் புரோகிராமைத் தேர்ந்தெடுப்பது ஆகிய மூன்றும் அந்தப் பயிற்சியில் சேர்ந்தவை. லாஜிடெக் எஃப்310 கேம்பேடின் பின்புறத்தில் எக்ஸ், டி என்று இரண்டு நிலைகளைக் கொண்ட சிறிய சுவிட்ச் ஒன்று உண்டு. பெட்டிக்குள் உரசி அது டி பக்கம் நகர்ந்துவிட்டால் களத்தில் கேம்பேடு வேலை செய்யாது. மாணவர்களோ ரோபோவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

காரணம் தெரியும் முன்பே புரோகிராமில் கை வைப்பது

இதைப்பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை, இன்றும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆட்டத்தின் நடுவே ரோபோ நின்றுவிடுகிறது. மாணவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு பிட்டுக்குத் திரும்புகிறார்கள். ரோபோ மேசையின் மீது வைக்கப்படுவதற்குள் ஒரு மாணவர் மடிக்கணினியைத் திறந்துவிடுகிறார். அவரைச் சுற்றி நால்வர் நிற்கிறார்கள், ரோபோவின் அருகில் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு இருக்கும் அரைமணி நேரத்துக்குள் மோட்டாரின் வேகம் குறைக்கப்படுகிறது, சில வரிகள் நீக்கப்படுகின்றன, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காத்திருப்பு நேரம் சேர்க்கப்படுகிறது.

ஒரு போட்டியில் எங்களுக்குப் பக்கத்துப் பிட்டில் இருந்த புதிய அணிக்கு இதுதான் நடந்தது. முதல் ஆட்டத்தில் ரோபோ பாதியில் நின்றது, புரோகிராமை மாற்றினார்கள். இரண்டாம் ஆட்டத்தில் சற்றுக் கூடுதலாக ஓடிவிட்டு நின்றதால், மாற்றம் பலித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் மாற்றினால் போதும் என்று நம்பினார்கள். பிற்பகலுக்குள் காலையில் ஒழுங்காக ஓடிய தானியங்கிப் பகுதியும் கெட்டுப்போயிருந்தது. எதை எப்போது மாற்றினோம் என்பதை அவர்களில் எவராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவ்வழியே வந்த தன்னார்வலர் ஒருவர் குனிந்து, பேட்டரி சுவிட்சிலிருந்து ரோபோவின் மூளையான கண்ட்ரோல் ஹப்புக்குப் போகும் கம்பியை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல அசைத்தார். ஹப்பின் விளக்கு அணைந்து, மீண்டும் எரிந்தது. அந்த மஞ்சள் நிற எக்ஸ்.டி.30 கனெக்டர் முழுவதும் உள்ளே போகாமல் நின்றிருந்தது. மற்ற ரோபோ மோதும்போதெல்லாம் அது ஒரு கணம் விலகும். ஹப் அணைந்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து இயங்கி, ஓட்டுநர்களிடம் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியான டிரைவர் ஸ்டேஷனோடு இணைப்புப் பெறுவதற்குள் ஆட்டத்தின் கணிசமான பகுதி கழிந்துவிடும். கனெக்டரை அழுத்திச் செருகி, கம்பியை ஒரு கேபிள் டையால் சட்டத்தோடு கட்டியதும் ரோபோ நிற்காமல் ஓடியது. அப்போது அவர்களுக்கு மிஞ்சியிருந்தது ஓர் ஆட்டம் மட்டுமே.

நேற்றுவரை ஓடிய புரோகிராம் இரவோடிரவாகத் தானாக மாறிவிடுவதில்லை. பயணத்தில் குலுங்கியதும் ஆட்டத்தில் அடிபட்டதும் கம்பிகளும் திருகுகளும்தாம். ஆகவே முதல் சந்தேகம் அவற்றின் மீதுதான் விழ வேண்டும். மடிக்கணினியைத் திறப்பது எளிது, திரையில் எதையேனும் மாற்றினால் வேலை நடப்பதுபோலத் தோன்றும். குனிந்து ஒவ்வொரு கனெக்டரையும் இழுத்துப் பார்ப்பதில் அந்தத் தோற்றம் இல்லை. இந்தத் தவறு மறுபடியும் மறுபடியும் நடப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அணியை நடத்துபவர் செய்ய வேண்டியது இதுதான்: ரோபோ திரும்பி வந்ததும் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, களத்தில் கண்ணால் பார்த்தது என்ன என்று ஓட்டுநர்களிடம் கேட்க வேண்டும். "வேலை செய்யவில்லை" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. முழு ரோபோவும் நின்றதா, பாதி மட்டும் நின்றதா, நிற்கும்போது எதையாவது இடித்ததா, டிரைவர் ஸ்டேஷன் திரையில் என்ன செய்தி வந்தது என்று துருவிக் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு மாணவர் கைபேசியில் பதிவு செய்திருந்தால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்தப் பதில்கள் காரணத்தை நோக்கி அழைத்துச் செல்லும். ரோபோ முழுவதும் செத்து, இணைப்பும் போய்விட்டால் மின்சாரம் வரும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், அவற்றுக்கிடையே உள்ள கனெக்டர்கள். ரோபோவின் ஒரு பகுதி மட்டும் செயலிழந்து, அந்த மோட்டார்கள் எல்லாம் கூடுதல் மோட்டார்களுக்கான இரண்டாவது ஹப்பான எக்ஸ்பான்ஷன் ஹப்பில் இணைக்கப்பட்டவையாக இருந்தால், இரண்டு ஹப்புகளுக்கும் நடுவே ஓடும் மெல்லிய தகவல் கம்பி தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் சக்கரம் சுற்றாவிட்டால், அச்சைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். தானியங்கிப் பகுதியில் ரோபோ திடீரென்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று எண்ணும் என்கோடரின் கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூரத்தை அளக்க வழியில்லாதபோது எங்கே நிற்பது என்பது ரோபோவுக்குத் தெரியாது. ரோபோ களத்தின் உலோகப் பாகத்தைத் தொட்ட நொடியில் இணைப்பு போனது என்றால் நிலைமின்சாரத்தையும் சந்தேகிக்கலாம். மென்மையான தரை விரிப்பின் மீது சக்கரங்கள் உருளும்போது சட்டத்தில் மின்னூட்டம் சேர்கிறது. அது உலோகத்தில் பாயும்போது மின்னணுப் பாகங்களைக் குழப்பிவிடும்.

இன்னொரு ரோபோவைத் தள்ளும்போது மட்டும் தளர்ந்து போய் அணைகிறது என்றால் பேட்டரியை அளக்க வேண்டும். 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஆனால் நகர முடியாமல் நிற்கும் மோட்டார் ஒவ்வொன்றும் 8, 9 ஆம்பியர்வரை இழுக்கும். நான்கு சக்கர மோட்டார்களும் ஒரே நேரத்தில் முட்டி நின்றால், பழைய பேட்டரியின் அழுத்தம் சரசரவென்று இறங்கி ஹப் அணைந்துவிடும். பேட்டரி ஓய்வாக இருக்கும்போது மட்டும் அளந்துவிட்டு, "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பேட்டரிகளுக்கு எண் எழுதி ஒட்டி, எந்த ஆட்டத்தில் எது போடப்பட்டது என்று குறித்து வந்தால், எப்போதும் ஒரே பேட்டரியோடுதான் தொல்லை வருகிறது என்பது வெளிப்பட்டுவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால், அப்போது புரோகிராமைத் திறக்கலாம். காலையில் ஓடிய வடிவத்தைத் தனியே சேமித்து வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, பயிற்சிக் களத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே வரிசையில் போய் நிற்க வேண்டும். ஓட்டிப் பார்க்க நேரமில்லை என்றால் மாற்றவும் நேரமில்லை என்றுதான் பொருள். இந்த ஒரு விதியில் மட்டும் நான் எந்த மாணவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அளவுப் பெட்டியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

ஆட்டத் தொடக்கத்தில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்ற விதி பரிசோதனையின்போது தளர்த்தப்படாது. அட்டையில் ஒரு பெட்டி செய்து, வெளியே துருத்தும் கம்பிகளோடு சேர்த்து முன்பே அளந்துவிடுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரைப் பெரியவர்கள் வாங்கிக்கொள்வது

நேரம் நெருக்கும்போது, "தள்ளு, நான் போடுகிறேன்" என்று வழிகாட்டி கை நீட்டுவதை ஏறத்தாழ எல்லாப் போட்டிகளிலும் பார்க்கிறேன். அந்த ஒரு திருகு வேகமாக மாட்டப்பட்டுவிடும் என்பது உண்மையே. ஆனால் அடுத்த ஆட்டத்தில் அதே இடம் தளரும்போது, அதை எப்படிக் கழற்றுவது என்று தெரிந்த ஒரே ஆள் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருப்பார். பாதுகாப்புக்கு ஆபத்து வரும் இடத்தைத் தவிர வேறெங்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த ஆலன் கீ வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்க விட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பது மிகவும் கடினம் என்பதை நான் அறிவேன். அந்தக் கடினத்தைத் தாங்குவதுதான் நம்முடைய வேலை.

நடுவரிடம் ஆசிரியர் போய் வாதாடுவது

போகாதீர்கள், தீர்ப்பைப் பற்றிக் கேட்க வேண்டியவர் மாணவர், கையில் இருக்க வேண்டியது விதிப் புத்தகம்.

கூட்டணி அணியிடம் மிகைப்படுத்திச் சொல்வது

ஒவ்வோர் ஆட்டத்திலும் முன்பின் தெரியாத இன்னோர் அணியோடு சேர்ந்து ஆட வேண்டியிருக்கும். ஆட்டத்துக்கு முன் அவர்கள் வந்து உங்கள் ரோபோ என்ன செய்யும் என்று கேட்கும்போது, பட்டறையில் ஒருமுறை பலித்ததையெல்லாம் மாணவர்கள் திறமையாகச் சொல்லிவிடுவார்கள். அதை நம்பி அந்த அணி தன் தொடக்க இடத்தையும் தானியங்கிப் பாதையையும் மாற்றிக்கொள்ளும், பிறகு இரண்டு ரோபோக்களும் களத்தின் நடுவே முட்டிக்கொண்டு நிற்கும். "எங்கள் ரோபோ தொடக்கக் கோட்டைவிட்டு நகரும், வேறொன்றும் செய்யாது" என்று நேர்மையாகச் சொல்லும் அணியோடு சேர்ந்து திட்டமிடுவது மிக எளிது. இறுதிச் சுற்றுக்குக் கூட்டாளிகளைத் தேடும் முன்னணி அணிகளும் இந்த நேர்மையைக் கவனிக்கின்றன.

மதிப்பீட்டாளர் முன் ஒருவரையே பேச விடுவது

சரளமாகப் பேசும் ஒரு மாணவரை முன்னிறுத்திவிட்டு மற்றவர்களைச் சுவரோரம் நிறுத்துவது புதிய அணிகளின் வழக்கம். விருதுகளுக்காக அணிகளோடு பேசிப் பார்க்கும் மதிப்பீட்டாளர்கள் கேள்வியைச் சுவரோரம் நிற்பவரிடம்தான் கேட்பார்கள். மனப்பாடம் செய்த உரையைவிட, தான் செய்த பாகம் முதலில் ஏன் உடைந்தது, பிறகு அதை எப்படி மாற்றினோம் என்று ஒவ்வொருவரும் தம் சொற்களில் சொல்வதற்குப் பயிற்சி கொடுங்கள். பழைய பாகத்தைக் கையில் எடுத்துச் சென்றால் கூச்ச சுபாவம் உள்ள மாணவருக்கும் பேச்சு தானாக வரும்.

கடைசித் தகுதி ஆட்டம் முடிந்ததும் மூட்டை கட்டுவது

தரவரிசையில் கீழே இருக்கிறோம், இனி நமக்கு வேலையில்லை என்று முடிவுசெய்து, பேட்டரிகளைப் பெட்டியில் அடுக்கி, ரோபோவின் கையைக் கழற்றிவிடும் அணிகள் உண்டு. முன்னணி அணிகள் இறுதிச் சுற்றுக்குக் கூட்டாளிகளை அழைக்கும் கூட்டணித் தேர்வு அதற்குப் பிறகுதான் நடக்கும். மேலே இருக்கும் அணிகள் தங்களுக்குத் துணையாகத் தேடுவது, பெரும்பாலும், ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே மாதிரி ஓடும் ரோபோவைத்தான், அது எந்த இடத்தில் இருந்தாலும் சரி. அழைப்பு வரும்போது களத்தில் நின்று பதில் சொல்ல ஒரு மாணவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அழைப்பை மறுக்கும் அணியை அதன்பின் வேறு எவரும் அழைக்க முடியாது என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள். தேர்வு முடிந்து பெயர்கள் அறிவிக்கப்படும்வரை பேட்டரிகள் சார்ஜரிலேயே இருக்கட்டும்.